பனிக்கால ஆர்.வி.: கேஸ் ஃபர்னஸா, கரண்ட் ஹீட்டரா?

போன ஜனவரியில் அமெரிக்காவின் கொலராடோ மலைப்பக்கம் மூன்று வாரம் ஆர்.வி.யிலேயே, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியிலேயே, தங்கினோம். ராத்திரியில் மைனஸ் 12 டிகிரி வரை போனது. முதலில் கரண்ட் ஹீட்டரை நம்பினோம், அப்புறம் வண்டியிலேயே இருக்கும், புரொப்பேன் கேஸை எரித்துச் சூடான காற்றை ஊதும் ஃபர்னஸுக்கு மாறினோம். இப்போது யார் கேட்டாலும் ஃபர்னஸ் என்றுதான் சொல்வேன்.

கரண்ட் ஹீட்டரில் நல்லது இல்லாமல் இல்லை. சத்தம் குறைவு, சிலிண்டர் தூக்க வேண்டாம், முகாமில் கரண்டும் வாடகையோடு சேர்த்திதான். 1500 வாட் ஹீட்டர் ஓடும்போது மைக்ரோவேவையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் 30 ஆம்ப் இணைப்பு ட்ரிப் ஆகிவிடும். அதைக்கூடச் சமாளிக்கலாம்.

சிக்கல் தண்ணீரில் வந்தது. நான்காம் நாள் காலை சமையல் குழாயைத் திறந்தேன். இரண்டு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். உள்ளே 20 டிகிரி, சட்டையோடு நிற்கலாம். வெளியே போய்ப் படுத்து, வண்டியின் அடித்தகட்டில் கை வைத்தால் ஐஸ் மாதிரி இருந்தது. பைப்புகள் ஓடுவது அந்தத் தகட்டுக்கும் தரைக்கும் நடுவில்தான். ஃபர்னஸின் சூடான காற்று ஒரு கிளைக் குழாய் வழியே அங்கேயும் போகும். நாங்கள் ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக வைத்திருந்ததால், அறை குளிர்ந்தால் மட்டும் ஃபர்னஸை ஓடவிடும் தெர்மோஸ்டாட் அதை எழுப்பவே இல்லை. நாங்கள் கதகதப்பாகத் தூங்கினோம், பைப் உறைந்துவிட்டது.

ஹீட்டரை அணைத்து, ஃபர்னஸை 18 டிகிரியில் வைத்து, சிங்க்கின் கீழ் அலமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டோம். மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாய் இருமிக்கொண்டே தண்ணீர் விட்டது. உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் பெருக்கும். பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இணைப்புகளும் பம்ப்பின் ஃபில்டர் கிண்ணமும் கொடுக்காது. எங்களுக்கு எதுவும் விரிசல் விடாதது அதிர்ஷ்டம்தான்.

ஃபர்னஸுக்குச் செலவு உண்டு. மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தின் அளவு) எரிக்கும் ஃபர்னஸ் நிற்காமல் ஓடினால் 20 பவுண்டு சிலிண்டர் 14 மணி நேரம்தான் தாங்கும். விட்டுவிட்டு ஓடுவதால் எங்களுக்கு இரண்டு நாள் வந்தது. அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. வெளிக்கரண்ட் இல்லாமல் தங்கினால் விடியும்முன் பேட்டரி இறங்கி, ஃபர்னஸும் நின்றுவிடலாம். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும் என்பதால் இந்தக் குளிரில் கேஸ் வராமல் போகாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

எல்லா வண்டியிலும் அந்தக் கிளைக் குழாய் இருக்காது. வாங்கும் முன் கேளுங்கள். அது இல்லையென்றால் நான் சொல்வதில் பாதி பொருந்தாது. எங்கள் அனுபவமும் மைனஸ் 12 வரைதான். அதற்குக் கீழே இது போதுமா என்று உறுதி சொல்ல மாட்டேன்.

தண்ணீர் எடுக்கச் சூடேற்றும் ஹோஸும் வாங்கினோம். ஹோஸ் உறையவில்லை, முகாமின் குழாய்தான் உறைந்தது. அதற்குப் பிறகு பகலில் டேங்க்கை நிரப்பிவிட்டு ஹோஸைக் கழற்றி வைத்துவிடுவோம். எங்கள் டேங்க் கட்டிலுக்கு அடியில், வண்டிக்குள்ளேயே இருப்பதால் இது சரியாக வருகிறது. கழிவுநீர் வால்வையும் மூடியே வைத்து, நிறைந்ததும் ஒரேயடியாகத் திறப்போம். சொட்டுச் சொட்டாக விட்டால் வடிகுழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

ஹீட்டரைத் தூக்கிப் போடவில்லை. ராத்திரி ஃபர்னஸ் 16 டிகிரியில் இருக்கும். தெர்மோஸ்டாட்டுக்கு எட்டாத படுக்கை மூலையில் ஹீட்டர் 750 வாட்டில் ஓடும்.