பீடியா, சிகரெட்டா, வாயில் அடக்கும் புகையிலையா: மும்பைத் தமிழர்களுக்கான ஓர் ஒப்பீடு

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் புகையிலை பற்றிப் பேச்சு எழுந்தால், அவரவர் பழக்கமே அடுத்தவருடையதைவிடத் தீங்கு குறைந்தது என்று வாதிடுவதைக் கேட்கலாம். பீடி குடிப்பவர் அது வெறும் இலையும் தூளும்தான் என்பார். சிகரெட் குடிப்பவர் பஞ்சு வடிகட்டிவிடும் என்பார். புகையிலை அடக்குபவரோ தம் நுரையீரலுக்குள் புகையே போவதில்லை என்பார். ஒவ்வொரு வாதத்திலும் ஒரு துளி உண்மை இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தள்ளிவிடாமல் தனித்தனியாகப் பார்ப்பதே முறை.

பீடியிலிருந்து தொடங்கலாம். நெல்லை, தென்காசிப் பக்கத்துப் பீடி சுற்றும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் இங்கே ஏராளம் என்பதால், ஒரு பீடிக்குள் எவ்வளவு குறைவாகத் தூள் வைக்கிறார்கள் என்பது பலருக்கும் கண்ணால் கண்ட செய்தி. அந்தத் தூள் ஒரு சிகரெட்டில் இருப்பதைவிட மிகவும் குறைவு என்பது உண்மை. ஆனால் பீடி இலை சிகரெட் காகிதத்தைப் போலக் காற்றை உள்ளே விடுவதில்லை. நாலு தடவை இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அணையாமல் காக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருப்பதால், குறைந்த தூளிலிருந்தே நிறையத் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் உள்ளே போகின்றன.

இந்த இரண்டில் எது மோசம் என்பதற்கு நம் நகரத்திலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. 1990களில் மும்பையில் 35 வயதைக் கடந்த சுமார் ஒரு லட்சம் பேரைப் பதிவு செய்து, பின்னர் அவர்களுள் யார் யார் இறந்தார்கள் என்று தொடர்ந்து கவனித்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையைத் தொடாத ஆண்களோடு ஒப்பிட்டால் சிகரெட் குடித்தவர்களின் இறப்பு அபாயம் 37 சதவீதமும், பீடி குடித்தவர்களின் அபாயம் 64 சதவீதமும் கூடுதலாக இருந்தன. ஆனால் 2008இல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று, சிகரெட் குடிக்கும் ஆண்கள் சராசரியாகச் சுமார் 10 ஆண்டு ஆயுளையும், பீடி குடிக்கும் ஆண்கள் சுமார் 6 ஆண்டையும் இழப்பதாகக் கணித்தது. ஒன்றில் பீடி முந்துகிறது, மற்றொன்றில் சிகரெட் முந்துகிறது. எனக்கு இதில் முரண்பாடாகத் தோன்றுவது எதுவுமில்லை: இவ்விரண்டில் எது முன்னே நிற்கும் என்பது யாரை, எங்கே, எப்படிக் கணக்கெடுத்தோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது, இரண்டுமே புகைக்காதவரிடமிருந்து வெகுதூரம் தள்ளி நிற்பது மட்டும் மாறவில்லை. புகைப்பவர்கள் காசநோயால் இறப்பதும் அதிகம் என்பதை 2008 ஆய்வில் கவனிக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஆறேழு பேர் படுத்துறங்கும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல.

சிகரெட்டின் பஞ்சு பெரிய துகள்களில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு போன்ற வாயுக்கள் அப்படியே உள்ளே போகின்றன. 'ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று' என்பவர்களின் கணக்கும் இதயத்தின் முன்னே செல்லாது. நாளுக்கு 20 சிகரெட் குடிப்பவருக்குக் கூடுதலாக ஏற்படும் மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட் குடிப்பவருக்கும் வந்துவிடுவதாக 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். நுரையீரல் புற்றுநோய் எண்ணிக்கையோடும் ஆண்டுகளோடும் ஏறுகிறது. ரத்தக் குழாயோ கொஞ்சம் புகைக்கே பாதிக்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தில் சிகரெட்டையும் பீடியையும் உதிரியாக விற்க 2020இல் தடை வந்தது. உதிரியாக வாங்குபவரின் கையில் பெட்டியின் 85 சதவீதத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படம் வந்து சேர்வதே இல்லை.

வாயில் அடக்கும் வகைக்கு வருவோம். இந்தியாவில் புகைப்பவர்களைவிட இவர்களே அதிகம்: 2016-17 கணக்கெடுப்பில் வயது வந்தோரில் 10.7 சதவீதத்தினர் புகைத்தார்கள், 21.4 சதவீதத்தினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். இங்கே நுரையீரல் தப்பிக்கிறது என்பது பெருமளவு சரி; அடி முழுவதும் வாய்க்கு விழுகிறது. சுண்ணாம்போடு கசக்கிய புகையிலையான கைனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒரே இடத்தில் ஒதுக்கும்போது, நைட்ரோசமின் என்ற புற்றுநோய்ப் பொருள்கள் மணிக்கணக்கில் அந்த ஒரே தோலில் ஊறுகின்றன. குட்காவிலும் மாவாவிலும் பாக்கும் சேர்வதால் நிலைமை இன்னும் கெடுகிறது. புகையிலை சேராத பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. பாக்கு கன்னத்தின் உட்தோலை நார்போல இறுக்குகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். மிளகாய்ச் சட்னி தடவிய வடாபாவைத் தின்ன முடியாமல் வைத்துவிடுவார்கள். பிறகு வாய் திறப்பது குறையும். நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்த்தால், நுழைகிறதா என்பது தெரிந்துவிடும். நுழையாவிட்டால் பல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. மகாராஷ்டிரம் குட்காவை 2012இல் தடை செய்தது. பாக்குக் கலவையையும் புகையிலையையும் தனித்தனிப் பொட்டலமாக வாங்கிக் கலந்துகொள்ளும் வழக்கம் அதன் பின்னும் ஒழியவில்லை.

மிஸ்ரியைப் பலர் புகையிலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வறுத்துப் பொடித்த இந்தப் புகையிலையால் பல் தேய்க்கும் வழக்கம், பக்கத்து வீட்டு மராட்டியப் பெண்களிடமிருந்து நம் பெண்கள் சிலரிடமும் தொற்றியிருக்கிறது. மும்பையில் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 100 கிராமுக்கு மேல் எடை குறைந்து பிறந்தன. பல்பொடி என்று பெயரிட்டதனால் நிகோடின் ரத்தத்தில் சேராமல் நின்றுவிடாது.

இ-சிகரெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 முதல் இந்தியாவில் அதை விற்பதே குற்றம்.

பக்கத்தில் இருப்பவருக்கு வரும் கெடுதல் மட்டும் அடக்கும் புகையிலையில் மற்ற இரண்டைவிடக் குறைவு என்று ஒப்புக்கொள்ளலாம். அதற்காகச் சிகரெட்டை விட்டுக் கைனிக்கு மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் முழுதாக மாறுவதில்லை. கூடத்தில் கைனி, வாசலில் சிகரெட் என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

மாறுவதையும் விடுவதையும் ஒப்பிட்டால் கணக்கு தெளிவாகவே இருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், 30 வயதில் சிகரெட்டை விட்டவர்கள் சுமார் 10 ஆண்டு ஆயுளையும், 40இல் விட்டவர்கள் 9 ஆண்டையும், 50இல் 6 ஆண்டையும், 60இல்கூட 3 ஆண்டையும் மீட்டார்கள். வேறு பொருளுக்குத் தாவியே தீர வேண்டும் என்பவர்களுக்கு மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் கம் கிடைக்கிறது. அதைச் சாதாரண சூயிங்கம்போல விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி குடிப்பதையும் நிறுத்தியாக வேண்டும். இல்லையேல் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது.