ஆறு மழைக்காலம் பார்த்த பரிசுகள்

போன வாரம் மச்சினன் போன் செய்தான். அவனுடைய ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு ஃபிலிம் கேமரா பைத்தியம், வரும் மாதம் பிறந்த நாள். "அத்தான், சூப்பரா ஒரு லெதர் கேஸ் பார்த்து வச்சிருக்கேன், வாங்கிடவா?" என்றான். நான் "வேண்டவே வேண்டாம்" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

செம்பூரில் இருந்துகொண்டு ஆறு வருடமாக நிக்கான் எஃப்எம்2 என்ற பழைய ஃபிலிம் கேமராவில் படம் எடுக்கிறேன். இந்தக் கிறுக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் எனக்கு வரும் பரிசெல்லாம் இதைச் சுற்றித்தான். அதில் ஒன்றுதான் லெதர் கேஸ். பார்க்க அத்தனை அழகு. கேமராவை அதற்குள்ளேயே வைத்து அலமாரியில் பூட்டிவிட்டு ஒரு மழைக்காலம் முழுக்கத் தொடாமல் இருந்தேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் அப்பளம்கூட டப்பாவுக்குள்ளேயே நமுத்துப்போகும். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இருட்டும் புழுக்கமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? நவராத்திரிக்குக் கொலுவைப் படம் எடுக்கலாம் என்று வெளியே எடுத்து, லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள். ஃபோர்ட்டில் போரா பஜார் பக்கம் ஒரு வயதான ரிப்பேர்காரர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். பூஞ்சை போய்விட்டது, ஆனால் அது கண்ணாடிப் பூச்சை அரித்த தடம் போகவில்லை. இன்றைக்கும் வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் பால் கலந்த மாதிரி வெளுக்கிறது.

அதற்கு அடுத்த பிறந்த நாளைக்கு மனைவி கொடுத்தது ஒரு அரிசி டப்பா. விளையாட்டில்லை. மூடி இறுக்கமாக உட்காரும் பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் அரைக் கிலோ நீல நிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முதலில் சிரித்தேன். மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது, ஒரு புள்ளி பூஞ்சை இல்லை. மீட்டர் 40 சதவீதத்துக்கும் 50-க்கும் நடுவே நின்றால் நிம்மதி. 30-க்குக் கீழே இறங்கவும் விடுவதில்லை. ஜெல் வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டால் மெல்லிய தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையல் வாணலியில் மட்டும் செய்யாதீர்கள். அந்த நீலம் கோபால்ட் உப்பு, வயிற்றுக்குள் போகக்கூடாத சமாச்சாரம்.

ஃபிலிம் ரோல் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அவரிடம் என்ன கேமரா இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சித்தப்பா ஆசையாக ஐந்து ரோல் வாங்கி வந்தார், அத்தனையும் 120 என்ற அகல ரக ஃபிலிம். என்னுடையது 35 மில்லிமீட்டர், 135 என்று போட்டிருக்கும் டப்பிதான் பொருந்தும். ஒருமுறை திரையில் போட்டுப் பார்க்கும் ஸ்லைடு ஃபிலிமும் வந்தது. அதைக் கழுவும் முறையே வேறு, சாதாரண கலர் ரோல் கழுவும் எல்லா லேபிலும் செய்ய மாட்டார்கள். சந்தேகமாக இருந்தால் அவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள், வழக்கமாக ஓட்டும் ரோல் அங்கே இருக்கும். அதிலேயே இரண்டு வாங்கிக் கொடுத்துவிடலாம்.

கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவுகிறவர் என்றால் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று கொடுக்கலாம். ஃபிலிமில் படத்தை வரவழைக்கும் டெவலப்பர் கரைசல் வழக்கமாக 20 டிகிரியில் இருக்க வேண்டும். இங்கே மே மாதக் குழாய்த் தண்ணீரோ கை வைத்தாலே வெதுவெதுப்பு. பக்கெட்டில் ஐஸ் கட்டி போட்டு, அக்கா கொடுத்த தெர்மாமீட்டரை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அக்கா கொடுத்ததிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

நெகட்டிவ் போட்டு வைக்கும் உறை கொடுப்பதானால் பிவிசி வேண்டாம், நாளாக ஆக நெகட்டிவில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். எஃப்எம்2-வுக்கு ஷட்டர் ஓட பேட்டரி தேவையில்லை, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும் இரண்டு எல்ஆர்44 பட்டன் செல் வேண்டும். என் மகள் வருடா வருடம் அதைத்தான் பொட்டலம் கட்டித் தருகிறாள். லென்ஸ் வடிவ காபி கப் என்னிடம் மூன்று இருக்கிறது, தயவுசெய்து நாலாவது வேண்டாம்.

எதற்கும் உதவாத பரிசு ஒன்றும் எனக்குப் பிடிக்கும். கோயம்புத்தூர் நண்பர் கொடுத்த, ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் பழைய 'இந்து' பிராண்ட் ஃபிலிம் ரோல். 1960-இல் தொடங்கிய கம்பெனி அது. எப்போதோ காலாவதியான ரோல், ஓட்டினால் வெறும் மூட்டம்தான் வரும் என்று தோன்றுகிறது. பிரிக்க மனசு வரவில்லை, டப்பாவுக்குள் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மச்சினனுக்கு டப்பா, ஜெல், மீட்டர் மூன்றும் எழுதி அனுப்பிவிட்டேன். "பிறந்த நாளுக்கு அரிசி டப்பாவா அத்தான்?" என்று பதில் வந்தது. எனக்கும் இன்னொன்று தேவைப்படுகிறது, போன வருடம் வாங்கிய இரண்டாவது டப்பாவில் இப்போது துவரம்பருப்பு இருக்கிறது.