7,400 ரூபாய்க்கு ஸ்டிக்கர் வாங்கிய கதை

நேற்று ராத்திரி இன்ஜினை இரண்டாவது தடவையாகப் பிரித்தேன். நகக்கண்ணில் இன்னும் கரி போகவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 7,400 ரூபாய் போச்சு.

எங்கள் மாருதி 800 ஆறேழு மாதமாக ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் போனால் பாம்பன் பாலத்து மேட்டில் மூச்சு வாங்கும். பின்னால் வருகிறவர் முகத்தில் நீலப் புகை. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்த்தேன், ஏறியது. அப்போதே தெரிந்துவிட்டது, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ரிங்தான் தேய்ந்திருக்கிறது; அந்த இடுக்கை ஆயில் அடைத்ததால்தான் ஏறியது. பட்டறையில் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. மச்சானும் நானும் வீட்டு வாசலிலேயே இன்ஜினை இறக்கினோம். சிலிண்டரின் உள் துளையை, அதாவது 68.5 மில்லிமீட்டர் போரை, லேத்தில் கடைந்து 69 ஆக்கிக் கொடுத்தார்கள். அவர்கள் வேலையில் குறை சொல்ல மாட்டேன்.

குறையெல்லாம் உதிரிபாகம் விற்கும் அந்த ஆன்லைன் கடையில்தான். 0.50 ஓவர்சைஸ் (அசல் அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரிய) பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் ஒரே செட், 7,700 ரூபாய். போனில் பேசிய பையன் சேஸிஸ் நம்பரெல்லாம் கேட்டான். "அண்ணே, நானும் பரமக்குடிப் பக்கந்தான். நம்ம ஊரு ஆளுக்கு மாத்தி அனுப்புவேனா? மொத்தப் பணத்தையும் இப்பவே போட்டீங்கன்னா 300 குறைக்கிறேன்" என்றான். அந்தப் பேச்சில் விழுந்தேன். மச்சான் வேண்டாம் என்றார், நான்தான் கேட்கவில்லை.

பெட்டியில் 0.50 ஸ்டிக்கர், பிஸ்டன் தலையிலும் அதே எண். சரி என்று ரிங்கை அளக்காமலே மாட்டினேன். முதல் நாளே புகை. ரிங் பதியட்டும் என்று 200 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், புகை கூடியதுதான் மிச்சம். நேற்று ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) வைத்தால், ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளி 1.8 மில்லிமீட்டர்! அரை மில்லிமீட்டர்கூட இருக்கக் கூடாத இடம். பிஸ்டன் ஓவர்சைஸ், ரிங் மட்டும் ஸ்டாண்டர்ட், அதாவது பழைய 68.5 போருக்கானது.

போன் செய்தேன். முதலில் "பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" அப்புறம் "மாட்டின சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது." கடைசியில் "மெக்கானிக் பில் இருக்கா? வீட்ல மாட்டினா நாங்க பொறுப்பில்ல." பரமக்குடித் தம்பி இப்போது போனையே எடுப்பதில்லை. 7,400 ரூபாய் மட்டுமா? ஊற்றிய புது ஆயில், மறுபடி ஹெட் கேஸ்கெட், இரண்டு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தனி.

வீட்டில் இன்ஜின் வேலை பார்ப்பதை விவரமாக எழுதச் சொல்லித் தெருத் தம்பிகள் கேட்டிருந்தார்கள். இன்றைக்கு இவ்வளவுதான் முடியும்: பிஸ்டன் கைக்கு வந்து அளந்த பிறகே போரைக் கடையக் கொடுங்கள். ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டரில் விட்டு வாயை அளக்காமல் மாட்டாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டிப் போடாதீர்கள், ஊர்க்காரன் என்றாலும்.

திறந்து கிடக்கிற போர் கடற்காற்றில் விடிவதற்குள் துருப்பிடித்துவிடும். ஆயில் தடவிச் சாக்குப் போட்டு மூடப் போகிறேன்.