தன்னார்வலர்களுக்குக் கேடயம் செய்ய ஏற்ற கடை, பெட்டிதான் சரியில்லை

விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை வாங்க வருகிறவர்களுக்கு இந்தக் கடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னை பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கத்துக்கு அக்கம்பக்கத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் கோப்பை கிடைக்கும். என் தேவை வேறு. அலுவலகத்தில் நன்கொடை திரட்டிக் கொடுத்த தன்னார்வலர்களைப் பாராட்ட 14 கேடயங்கள் வேண்டியிருந்தன. இதே தேவையோடு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காந்தி ஜயந்தியான அக்டோபர் 2 தொடங்கி 8 வரை 'தான் உத்சவ்' என்ற கொடை வாரம். 2009இல் தொடங்கிய வழக்கம் இது. அந்த வாரத்தில் எங்கள் ஊழியர்களிடம் சம்பளத்தில் நன்கொடை பிடித்துக்கொள்ளச் சம்மதப் படிவம் வாங்குகிறோம். மாதம் ஐம்பது ரூபாய் கொடுப்பவரும் உண்டு, ஐயாயிரம் கொடுப்பவரும் உண்டு. துறைக்கு ஒருவர் தாமாக முன்வந்து இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். அதற்காக அவருடைய அன்றாட வேலையில் ஒரு மணி நேரம்கூடக் குறைவதில்லை.

வெளியில் இருந்து பார்த்தால் இது படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கும் வேலைதான். உண்மையான பாடு அக்டோபர் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. நன்கொடைக்கு வருமான வரிக்கழிவு வேண்டுமென்றால், கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் எண், தொகை எல்லாம் நன்கொடையைப் பெறும் அறக்கட்டளை மே 31க்குள் வரித்துறையில் தாக்கல் செய்யும் படிவத்தில் சரியாக ஏற வேண்டும். அதன் பிறகுதான் அவருக்கு நன்கொடைச் சான்றிதழ் வரும். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் சான்றிதழ் சிக்கிக்கொள்ளும். யார் அலைந்து அதைச் சரிசெய்கிறார்கள்? அந்தத் துறையின் தன்னார்வலர்தான். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவே கிடையாது என்பதையும் மறைக்காமல் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். "அப்படியானால் எனக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவரிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே பாராட்டு விழாவை அக்டோபர் 8ஆம் தேதி மாலையிலேயே முடித்துவிடக் கூடாது, சான்றிதழ்கள் எல்லாருடைய கைக்கும் போய்ச் சேர்ந்த பிறகு ஜூனில்தான் நடத்த வேண்டும் என்று வற்புறுத்தினேன். மேலாளர் ஒப்புக்கொண்டார். இன்னொன்றையும் வற்புறுத்தினேன்: வசூல் தொகையை வைத்து முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று தரம் பிரிக்கக் கூடாது. வடிவமைப்புப் பிரிவில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். பேக்கிங் பிரிவில் இருப்பவர்களின் சம்பளம் எனக்குத் தெரியும். பட்டியல் என் மேசையைத் தாண்டித்தான் போகிறது. இந்த இரண்டு பிரிவுகளின் தொகையையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

இதில் எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் அப்பா வருவாய்த் துறையில் இருந்தவர். அரசு அலுவலகங்களில் கொடிநாள் வசூல் எப்படி நடக்கும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். 1949 முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். இலக்கைத் தாண்டி வசூலித்தவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் கையால் சான்றிதழ் கிடைக்கும். அப்பா வாங்கிய சான்றிதழ் இன்னமும் எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டத்துக்குள் இருக்கிறது. அதில் அவர் பெயரும் இலக்கும் தொகையும் இருக்கின்றன. அந்தத் தொகைக்காக அவர் எந்தெந்த ஊர்களுக்குப் போனார், யார் யாரிடம் நின்றார் என்பதெல்லாம் அம்மாவோடு பேசினால்தான் தெரியும். எங்கள் கேடயங்களில் தொகை இருக்கக் கூடாது, அவரவர் செய்தது இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றது அதனால்தான். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வாக்கியம். அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் வாக்கியம்.

பல கடைகளில் இதைக் கேட்டவுடன் முகம் சுருங்கிவிட்டது. ஒரே வாசகத்தை வைத்துப் பெயரை மட்டும் மாற்றுவதுதான் அவர்களுக்கு வசதி. இந்தக் கடையின் உரிமையாளர் மட்டும், "கொண்டு வாங்க மேடம், பார்த்துவிடலாம்" என்று சொல்லிக் கணினியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அனுப்பினார். இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்தப் பெண்ணுக்குத்தான்.

நான் கைபேசியில் கொண்டுபோயிருந்த வாசகங்களை அவருடைய வரைகலை மென்பொருளில் ஒட்டியதும் எழுத்துகள் சிதறின. கொம்பு இடம் மாறி நின்றது. ஸ்ரீ இரண்டாக உடைந்தது. மற்ற கடைகளில் இந்த இடத்தில்தான், "ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்களேன்" என்றார்கள். இவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பழைய எழுத்துருவுக்கு மாறி, அப்போது இருந்த 13 வாக்கியங்களையும் தாமே தட்டச்சு செய்தார். பிறகு தாளில் அச்செடுத்துக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இனிஷியலை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்றுகூட ஒவ்வொரு பெயருக்கும் கேட்டார்.

அதன் பிறகு சொன்னார்: "அக்கா, இவ்வளவு எழுத்தும் இந்தத் தகட்டில் ஏறும். ஆனால் புள்ளியெல்லாம் அடைத்துக்கொள்ளும். படிக்க முடியாது." நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கழிவுப் பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து லேசரில் ஒரு வரியைப் பொறித்துக் கொடுத்தார். சூடு ஆறுவதற்குள் கையில் வாங்கிப் பார்த்தேன். 'தன்னார்வலர்' என்ற சொல்லில் 'ன்' மேலுள்ள புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதே வரியில் இருந்த ணகரத்தின் சுழிகள் நிரம்பிக் கறுப்பாகத் தெரிந்தன. அதே வரியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பக்கத்திலேயே பொறித்தார். ஒவ்வொரு புள்ளியும் தனியாக நின்றது. காசு கேட்காமல் இதைச் செய்தார். அங்கேயே உட்கார்ந்து வாக்கியங்களைச் சுருக்கினேன். சுருக்கியதால் அவை நன்றாகவே ஆயின.

"இரவு ஷிப்ட் முடிந்தும் நின்று, விட்டுப்போன பான் எண்களை வாங்கித் தந்தவர்" என்பது ஒன்று. "கேன்டீன் ஊழியர்களுக்கு உட்கார்ந்து படிவம் படித்துக் காட்டியவர்" என்பது இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்தது பேக்கிங் பிரிவு அம்மாவுக்கு எழுதியது: "வேண்டாம் என்றவரிடம் மறுபடி கேட்காதவர்."

அலுவலக நன்கொடையில் உள்ள பெரிய தீமை வற்புறுத்தல். மேற்பார்வையாளர் படிவத்தை நீட்டினால் இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? தொகையை வைத்துப் பரிசு கொடுத்தால் அந்த வற்புறுத்தலுக்குத்தான் பரிசு கொடுத்ததாக ஆகும். வீட்டில் மருத்துவச் செலவு என்று ஒருவர் சொன்னதும் அந்த அம்மா படிவத்தை மடித்து வைத்துவிட்டு, அவரிடம் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. அவருடைய பிரிவின் தொகை சிறியது. ஆனால் ஒருவரும் அடுத்த மாதமே பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி என்னிடம் வரவில்லை. இதைப் பித்தளையில் எழுதாமல் வேறு எதை எழுதுவது?

பொருளைப் பற்றி. கடையில் முதலில் அக்ரிலிக்கைத்தான் காட்டுவார்கள். மேடையில் பளபளக்கும், வீட்டுக்குப் போனால் கீறல் விழும். நாங்கள் எடுத்தது தேக்கு நிறம் பூசிய மரப்பலகைக் கேடயம், நடுவில் பித்தளைத் தகடு. ஒன்று 650 ரூபாய். வழக்கமாகத் தகட்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுகிறார்கள். அதை ஏற்காதீர்கள், சென்னை வெயிலுக்கு அது தாங்காது. நான்கு மூலையிலும் சிறிய திருகாணி போடச் சொல்லுங்கள். ஒன்றுக்கு 20 ரூபாய் கூடுதல், ஆனால் வேலை நேர்த்தியாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஆங்கில எழுத்துக்குக் கூலி இல்லை, தமிழ் எழுத்துக்குக் கேடயம் ஒன்றுக்கு 40 ரூபாய் என்று பில்லில் போட்டார்கள். தட்டச்சு செய்யும் உழைப்பு எனக்குப் புரிகிறது. அந்தப் பெண்ணுக்குப் போவதாக இருந்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். ஆனால் சென்னையில், தமிழ் எழுதுவதற்குத் தனிக் கட்டணம் என்பதை ஏற்க முடியவில்லை. உரிமையாளரிடம் நேரிலேயே சொன்னேன். பாதியைக் குறைத்தார். முழுவதையும் எடுத்துவிடுவதுதான் சரி.

சொன்ன நாளில் சரக்கு வரவில்லை, மறுநாள்தான் வந்தது. இதைப் பெரிய குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டிதான் மோசம். அரக்கு நிற வெல்வெட் ஒட்டிய அட்டைப்பெட்டி. மூடி கீலோடு கையில் வருகிறது, உள்ளே பசை நாற்றம். கழன்ற இரண்டை மாற்றிக் கொடுத்தார்கள், மாற்றியதும் அதே லட்சணம். கடைசியில் பெட்டிகளை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு, மஞ்சப்பை வாங்கி அதில் போட்டுக் கொடுத்தோம். எல்லாரும் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வீட்டுக்குப் போகிறவர்கள். தோளில் மாட்டிக்கொண்டு போக அதுவே வசதியாக இருந்தது.

பதினான்காவது கேடயத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பட்டியலில் முதலில் 13 பெயர்கள்தான் இருந்தன. வாயில் பாதுகாப்புக்கு நிற்கும் ஒருவர், ஒப்பந்த ஊழியர், தம் சக காவலர்களிடம் பேசி மாதாமாதம் பணம் சேர்த்து ரசீதோடு அறக்கட்டளைக்கு அனுப்பி வந்தார். எங்கள் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, ஆகவே பாராட்டுப் பட்டியலிலும் இல்லை. மற்ற தன்னார்வலர்கள்தான் இதை எடுத்துச் சொன்னார்கள். ஆர்டர் கொடுத்து முடித்த பிறகு கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். தனியாக ஒன்று செய்வதற்குக் கூடுதல் விலை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அதே விலைக்கு, மற்றவற்றோடு சேர்த்தே வந்தது. அந்தத் தகடுக்கும் தாளில் அச்செடுத்து என் சம்மதம் கேட்டுப் படம் அனுப்பினார்கள்.

விழா என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேன்டீனில் வைத்தோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒலிபெருக்கியில் படித்தோம், அவ்வளவுதான். கைதட்டல் பெயருக்கு வரவில்லை, வாக்கியத்துக்கு வந்தது. காவலர் கேடயத்தை வாங்கியதும் படத்துக்கு நிற்காமல் ஓரமாகப் போய், தகட்டை மட்டும் நெருக்கமாக இரண்டு மூன்று படங்கள் எடுத்துக்கொண்டார். எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று என்னிடம் காட்டிக் கேட்டார். விழுந்திருந்தது, புள்ளிகள் உட்பட.

கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: இந்தச் செலவை சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) கணக்கில் எழுதாதீர்கள். நிறுவனச் சட்டம் 2013, பிரிவு 135இன் கீழ் வரும் விதிகள் சொந்த ஊழியர்களுக்குப் பயன்படும் செலவை அதில் சேர்க்க விடுவதில்லை. ஊழியர் நலச் செலவில்தான் போக வேண்டும். ஜிஎஸ்டி எண்ணோடு பில் வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பள்ளி ஆண்டு விழா ஆர்டர்களில் கடை திணறுகிறது. அந்த மாதங்களில் இப்படிப் பொறுமையாகச் செய்து கொடுப்பார்களா என்பது சந்தேகம். வாசகங்களைத் தெளிவாகத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், கணினியில் இருக்கும் பெண்ணிடமே நேராகக் கொடுங்கள், ஒரு தகடு முடிந்ததும் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடங்கச் சொல்லுங்கள். பெட்டி வேண்டாம் என்று முதலிலேயே சொன்னால் கேடயத்துக்கு 60 ரூபாய் குறைக்கிறார்கள்.