11 வருஷம் உழைத்த 5 லிட்டர் அலுமினிய குக்கர்

எங்கள் வீட்டு 5 லிட்டர் அலுமினிய குக்கர் வாங்கி 11 வருஷம் ஆகிறது. ஸ்டீல் வாங்கலாமா, அலுமினியம் போதுமா என்று கேட்பவர்கள் நிறைய இருப்பதால் எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் பேச வந்தது மார்க்கைப் பற்றி அல்ல, அது எதனால் செய்யப்பட்டது என்பதைப் பற்றி. உடம்பு அலுமினியம், கைப்பிடி பேக்லைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்.

முதலில் சமையல். துவரம்பருப்பு மூன்று விசிலில் குழைந்துவிடும், பொங்கல் அடிப்பிடிப்பது அபூர்வம். அலுமினியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதனால் அடுப்பு எரியும் இடத்தில் மட்டும் சூடு குவியாமல் பாத்திரம் முழுக்கப் பரவுகிறது. ஸ்டீல் குக்கருக்கு 'சாண்ட்விச் பாட்டம்' என்று சொல்லி விற்கிறார்களே, அந்த சாண்ட்விச்சின் நடுவில் இருப்பதும் அலுமினியம்தான்.

இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற இந்த உலோகம் ஒரு காலத்தில் நகைக்கடைச் சரக்கு. 1884-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்க ஒரு சின்ன அலுமினியப் பிரமிடு வார்த்தார்கள், எடை மூன்று கிலோகூட இல்லை. அதை மேலே ஏற்றுவதற்கு முன்னால் நியூயார்க்கில் டிஃபனி நகைக்கடையில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மண்ணில் அலுமினியம் கொட்டிக் கிடந்தாலும் அது ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், பிரிக்கத்தான் வழி இல்லை. 1825-இல் டென்மார்க்கில் ஏர்ஸ்டெட் கொஞ்சம் எடுத்துக் காட்டினார். 1854-இல் பிரான்ஸில் டெவில் சோடியத்தை வைத்துப் பிரித்தார், ஆனால் சோடியமே விலை கூடியது. மின்சாரத்தால் பிரிக்கலாம் என்றால் அலுமினாவை, அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்த அலுமினியத்தை, உருக்க 2000 டிகிரிக்கு மேல் வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரியில் படித்து முடித்த 22 வயதுப் பையன், சார்லஸ் மார்ட்டின் ஹால். வீட்டு விறகுக் கொட்டகைதான் சோதனைக்கூடம், பேட்டரிகளைத் தானே செய்துகொண்டார், அதே கல்லூரியில் வேதியியல் படித்த அக்கா ஜூலியா கூடவே நின்றார். உப்பு நெருப்பில் உருகுவது கடினம், ஆனால் தண்ணீரில் சுலபமாகக் கரையும் இல்லையா, அதே மாதிரி அலுமினாவை கிரையோலைட் என்ற தாதுவை உருக்கி அதில் கரைத்துவிட்டால் ஏறக்குறைய 1000 டிகிரியே போதும். 1886 பிப்ரவரி 23 அன்று மின்சாரம் பாய்ச்சியபோது அடியில் வெள்ளி நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் கிடைத்தன. அதே வருஷம் பிரான்ஸில் பால் எரூ என்பவர் தனியாக அதே வழியைக் கண்டுபிடித்தார். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. இன்றைக்கும் உலகத்தில் அலுமினியம் எடுப்பது இந்த முறையில்தான்.

நம் ஊருக்கு இது வந்த வேகம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹாலின் சோதனை முடிந்து 12 வருஷத்தில், 1898-இல், சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பித்தளை, செம்புப் பாத்திரத்துக்கு அடிக்கடி ஈயம் பூச வேண்டும், இதற்கு வேண்டாம், எடையும் குறைவு.

சரி, கைப்பிடிக்கு வருகிறேன். நாலு வருஷம் முன்பு மூடியின் கைப்பிடி பக்கத்து அடுப்பின் தீ மேல் நீட்டிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சாதாரண பிளாஸ்டிக்காக இருந்தால் உருகி வழிந்திருக்கும். இது உருகவில்லை, ஓரம் கருகி நின்றது, பழைய கார்பாலிக் சோப்பு மாதிரி ஒரு வாடை அடித்தது. அந்த வாடை வருவதில் ஆச்சரியமில்லை, கார்பாலிக் அமிலம் என்று சொல்லும் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துத்தான் பேக்லைட் செய்கிறார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்தால் பிசின் மாதிரி ஒன்று வரும் என்று 1872-இலேயே ஜெர்மனியில் அடால்ஃப் ஃபான் பேயர் பார்த்துவிட்டார். அவருக்கு அது தொந்தரவுதான், பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு எதிலும் கரையாது. எதிலும் கரையாது என்பதையே வரமாகப் பார்த்தவர் லியோ பேக்லண்ட், பெல்ஜியத்துக்காரர், இவரும் பிறந்தது 1863! அப்போது மின் கம்பிகளுக்குக் காப்பாகப் பூச அரக்கு வேண்டும், அதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, பூச்சிகள் சுரக்கும் பிசினிலிருந்து வரவேண்டும். அதற்கு மாற்றுத் தேடித்தான் நியூயார்க் பக்கத்தில் யாங்கர்ஸ் ஊரில் தன் வீட்டோடு இருந்த ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார்.

அவருக்கு இருந்த சிக்கல், கலவையைச் சூடாக்கினால் நுரைத்துப் பொங்கி, ஓட்டை ஓட்டையாக இறுகிவிடும். சூட்டைக் குறைத்துப் பார்த்தவர்கள் தோற்றார்கள். பேக்லண்ட் சூட்டைக் கூட்டினார், கூடவே அழுத்தத்தையும் கூட்டினார், குமிழிகள் அடங்கின. அதற்காக அவர் வைத்திருந்த இரும்புக் கலத்துக்கு பேக்லைசர் என்று பெயர், இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வேறென்ன, குக்கர்தான்! குக்கரில் பிறந்த பொருள் குக்கருக்கே கைப்பிடியாக வந்து நிற்கிறது, இதை யோசித்துக்கொண்டு எத்தனையோ நாள் அடுப்படியில் நின்றிருக்கிறேன்.

1907-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1909-இல் உலகுக்கு அறிவித்தார். ஒருமுறை இறுகினால் மறுபடி இளகாது. வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாதே, அப்படி. மூலக்கூறுகள் வலை மாதிரி பின்னிக்கொள்வதுதான் காரணம். ஆனால் நீண்ட சங்கிலி மூலக்கூறு என்று ஒன்று உண்டு என ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் எழுதியதே 1920-இல்தான், அதையும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கோட்பாடு வருவதற்கு முன்பே கை அந்தப் பொருளைச் செய்துவிட்டது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புளிக்குழம்பு, தக்காளி ரசம் இதில் வைக்காதீர்கள். அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம், புளிப்பு அதை அரிக்கும், ஆப்பசோடாவும் அரிக்கும். என் குக்கரின் உள்பக்கம் அங்கங்கே குழி விழுந்திருப்பது இதனால்தான், முதல் இரண்டு வருஷம் எனக்குத் தெரியாது. புதிதாக வாங்குகிறவர்கள் ஹார்ட் ஆனடைஸ் செய்ததைப் பாருங்கள். அதே படலத்தை மின்சாரத்தால் தடிமனாக வளர்ப்பதுதான் அது, 1923-இல் பிரிட்டனில் கடல் விமானத்தின் பாகங்களை உப்புத் தண்ணீரிலிருந்து காக்கத் தொடங்கிய வேலை. கறுப்பாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அப்புறம், கைப்பிடி ஸ்க்ரூ மாதம் ஒருமுறையாவது தளரும், முறுக்கிக்கொள்ளுங்கள். கேஸ்கெட் இறுகிப்போனால் தாமதிக்காமல் மாற்றுங்கள்.

கருகிய கைப்பிடியை மாற்றப் போனபோது முதல் கடையில் கொடுத்தது பேக்லைட்டே இல்லை, லேசான மலிவுப் பிளாஸ்டிக், இரண்டே வாரத்தில் ஸ்க்ரூ பக்கம் இளகி மூடி ஆட ஆரம்பித்தது. ஆவி அடைத்திருக்கும் பாத்திரத்தில் இது விளையாட்டு இல்லை. வாங்கும்போது கையில் எடைபோட்டுப் பாருங்கள், பேக்லைட் கனமாக இருக்கும், வளையாது. பழைய கைப்பிடியைக் கையோடு எடுத்துப்போய் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.