‘உங்க வாரத்துக்கு ஆள் ரெடி சார்’: டைம்ஷேரை விற்கப் போய் நான் ஏமாந்த கதை

இரண்டு வாரத்துக்கு முன் நண்பர் ஒருவர் போன் செய்தார். பத்து வருடமாக வைத்திருக்கும் டைம்ஷேரை, அதாவது ஒரு ரிசார்ட்டில் வருடத்துக்குச் சில நாள் தங்க விலை கொடுத்து வாங்கிய உரிமையை, தலைமுழுகப் பார்க்கிறார். யாரோ கூப்பிட்டு, வாங்க ஒரு கம்பெனி தயாராக இருக்கிறது, நல்ல விலை, கொஞ்சம் பதிவுச் செலவு மட்டும் முன்னால் கட்டிவிடுங்கள் என்றார்களாம். அவர் சொல்லச் சொல்ல அடுத்த வரி எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. 2009இல் இதே வசனத்தை நான் கேட்டிருக்கிறேன். நம்பினேன், பணமும் கட்டினேன். அவரிடம் போனில் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதிவைக்கிறேன்.

தொகைகளைச் சொல்லப் போவதில்லை. வெட்கம் ஒரு காரணம். எந்த நாட்டுக் காசில் சொன்னாலும் கணக்கு ஒன்றுதான் என்பது இன்னொன்று. நாங்கள் அதை வாங்கியபோது கொடுத்தது 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது 2006இல், ஒரு விடுமுறைப் பயணத்தின் நடுவில். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும், பரிசுக் கூப்பன் தருவோம் என்றார்கள். நான்கு மணி நேரம் ஆனது. விற்பனையாளர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீலப் பேனாவால் மேலே ஏறும் கோடு ஒன்றை வரைந்தார். “நிலம் மாதிரி சார் இது. ஏறுமே தவிர இறங்காது. வேண்டாம்னு தோணுச்சுன்னா வித்துட்டுப் போயிடலாம்” என்றார். மனைவி என் காதில், “என்னங்க, வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லலாமே” என்றாள். இன்று மட்டும்தான் இந்த விலை என்று மேனேஜரே வந்து சொன்ன பிறகு யோசிக்க எங்கே இடம்? அந்தக் கோடு போட்ட தாளை அவர் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். எங்களுக்குத் தந்த ஒப்பந்தத்திலோ, இது முதலீடு அல்ல, மறுவிற்பனைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று ஒரு பத்தி இருந்தது. அதன் ஓரத்தில் என் சுருக்கொப்பம் அழகாக இருக்கிறது. படிக்காமல் போட்டது.

வாங்கியது என்ன? ஒரு ரிசார்ட்டில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம். போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். எங்கள் 100 கணக்கில் அது அப்போது 3.

2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தது, உலகமெங்கும் பொருளாதார மந்தம். சில மாதங்களில் எங்கள் அலுவலகத்தில் சம்பளத்தைக் குறைத்தார்கள். வீட்டுச் செலவுப் பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது எது என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடே வரவில்லை. ரிசார்ட்டுக்குப் போன் செய்தேன். திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் இப்போதைக்கு இல்லை என்றார்கள். சரி, நாமே விற்போம் என்று 80 போட்டு விளம்பரம் கொடுத்தேன். இருபது சதவீதம் நஷ்டத்துக்குத் தயாராக இருக்கும் பெரிய மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு அழைப்பு இல்லை. 60 ஆக்கினேன். 30 ஆக்கினேன். அப்புறம்தான், இதே ரிசார்ட்டில், இதே அளவு அறைக்கு, எத்தனை பேர் என்னோடு வரிசையில் நிற்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். இபே தளத்தில் 1 டாலருக்கு டைம்ஷேர் போட்டிருந்தார்கள். பெயர் மாற்றும் செலவையும் தாங்களே ஏற்பதாக வேறு சிலர் எழுதியிருந்தார்கள்.

இது ஏன் இப்படி ஆனது என்று எனக்குப் புரியப் பல வருடம் பிடித்தது. புரிந்திருந்தால் அந்த போன்காரனிடம் சிக்கியிருக்க மாட்டேன் என்பதால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

முதலில், நாங்கள் கொடுத்த 100 அந்த வாரத்தின் மதிப்பே அல்ல. பாதிக்கு அருகில் விற்பனைச் செலவு: கூப்பன், விளம்பரம், அந்த நீலப் பேனாக்காரரின் கமிஷன். கையெழுத்துப் போட்ட நிமிடமே அது ஆவி. நல்ல காலத்திலேயே இரண்டாம் கை விலை வாங்கிய விலையில் ஒரு சிறு பங்குதான். மந்தம் வந்ததால் 100லிருந்து விழுந்தோம் என்று நான் நினைத்தேன். ஏற்கெனவே தரையில் கிடந்ததை மந்தம் பள்ளத்துக்குள் தள்ளியது, அவ்வளவுதான்.

அடுத்தது கடன். புதிதாக வாங்குபவருக்கு ரிசார்ட் கம்பெனியே தவணையில் கொடுக்கும். என்னிடம் இரண்டாம் கையாக வாங்குபவருக்கு எந்த வங்கியும் இதை நம்பிச் சுலபத்தில் கடன் தராது. முழுப் பணமும் கையிலிருந்து வர வேண்டும். மந்த காலத்தில் அவரவர் இறுக்கிப் பிடித்துக்கொள்வது அந்தக் கைப்பணத்தைத்தான்.

கம்பெனிகளின் பக்கம் இன்னொரு கதை நடந்தது. வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த தவணைக் கடன்களை மூட்டையாகக் கட்டி, கடன் பத்திரங்களாக முதலீட்டாளர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில்தான் அடுத்த விற்பனையை ஓட்டினார்கள். 2008இல் அந்தப் பத்திரச் சந்தை உறைந்தது. அமெரிக்காவில் மட்டும் 2007இல் சுமார் 1,060 கோடி டாலராக இருந்த டைம்ஷேர் விற்பனை 2009இல் 630 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. புதுச் சரக்கு குறைந்தால் பழசுக்குக் கிராக்கி வரும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. நேர்மாறாக நடந்தது. சில கம்பெனிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. உறுப்பினர் யாராவது ரொம்ப மலிவாக விற்றால், அதே விலைக்குக் கம்பெனியே எடுத்துக்கொள்ளலாம். டிஸ்னியின் விடுமுறைக் கிளப் மறுவிற்பனை விலை மற்றவற்றைவிடத் தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு காரணம். நல்ல காலத்தில் விலைக்கு அடியில் போட்ட வலை மாதிரி அது. ஆனால் கம்பெனியிடமே பணம் இல்லாதபோது அந்த உரிமையை யார் பயன்படுத்துவார்கள்? நான் விற்கப் போனபோது கீழே வலையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடியது பராமரிப்புக் கட்டணம். வீட்டையோ நிலத்தையோ விற்பவன் விலை சரியில்லையென்றால் காத்திருக்கலாம். எனக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் பில் வந்தது. காத்திருப்பதற்கே காசு. வேலை போனவர்கள் கட்டுவதை நிறுத்த, நீச்சல் குளத்துக்கும் லிஃப்டுக்கும் காவலாளிக்கும் ஆகும் அதே செலவு மிச்சமிருந்தவர்கள் தலையில் விழுந்தது. எங்கள் 3 நான்கானது. கூரை பழுதுக்கென்று ஒரு தனி வசூல் வேறு. இன்னொரு பக்கம், விற்க முடியாத உறுப்பினர்கள் தங்கள் வாரத்தைக் கட்டணத்துக்கும் குறைவாக வாடகைக்கு விட்டார்கள். ஹோட்டல்களும் அறை வாடகையைத் தள்ளுபடியில் கொடுத்தன. அதே கட்டிலில் அதே ஜன்னலோரம் 2.5க்குப் படுக்க முடியும் என்றால், வருடம் 4 கட்டும் பொறுப்பை விலை கொடுத்து வாங்க யாருக்குப் பைத்தியம்? விலை பூஜ்யத்துக்கும் கீழே போவது இப்படித்தான்.

மந்தம் முடிந்தால் ஏறிவிடும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. பங்குச் சந்தை மீண்டது, ஹோட்டல் வாடகை மீண்டது. ஏறிய பராமரிப்புக் கட்டணம் மட்டும் இறங்கவில்லை, அதனால் இரண்டாம் கை விலையும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2020இல் கொரோனாவுக்காக ரிசார்ட்டுகளைப் பூட்டியபோதும் உறுப்பினர்களுக்கு பில் மட்டும் தவறாமல் வந்தது.

இதெல்லாம் தெரியாத 2009இன் நான், தலையில் இன்னும் அந்த 100ஐச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் போன் வந்தது.

“சார், உங்க வாரத்துக்கு ஆள் ரெடி. 90க்கு எடுத்துக்கறாங்க.”

30க்கே நாதியில்லாத பொருளுக்கு 90. எனக்குச் சந்தேகம் வரவில்லையா? வந்தது. கேட்டேன். அவரிடம் பதில் இருந்தது. பெரிய கம்பெனி ஒன்று தன் ஊழியர்களுக்கு விடுமுறைப் பரிசாகக் கொடுக்க மொத்தமாக வாரங்களை வாங்குகிறதாம். மந்த காலத்தில் ரொக்கப் போனஸைவிட இது அவர்களுக்கு லாபமாம். என் உறுப்பினர் எண், அறை வகை, வாங்கிய வருடம் எல்லாம் அவரிடம் இருந்தன. அதுதான் என்னை வீழ்த்தியது. நான் கொடுத்த விளம்பரத்திலேயே அதில் பாதி இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

பின்னாலேயே மின்னஞ்சல். தலைப்பில் சட்ட நிறுவனம் போன்ற ஒரு முத்திரை. எஸ்க்ரோ கணக்கில், அதாவது விற்பனை முடியும்வரை மூன்றாம் ஆள் பணத்தை வைத்திருக்கும் கணக்கில், பணம் போட்டாகிவிட்டது என்று ஒரு சான்று. கூடவே காசோலையின் படம்: என் பெயர், 90க்கான முழுத் தொகை, ஒரு சுழித்த கையெழுத்து. என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. விளம்பரத்தில் நான் செய்திருந்த அதே எழுத்துப்பிழை! அதைப் பார்த்தேன். பார்த்தும், திருத்திக்கொள்ளச் சொல்லி பணிவாக பதில் எழுதினேன். இன்றைக்கும் அந்த மின்னஞ்சலைத் திறந்தால் முகம் சுடுகிறது.

பதிவுச் செலவு 4. விற்பனை முடிந்ததும் திருப்பித் தரப்படும் என்றார்கள். வங்கிக்குப் போய் அனுப்பினேன். கவுன்டரில் இருந்த பெண், யாருக்கு அனுப்புகிறீர்கள், நேரில் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பத்து நாள் கழித்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரி என்று இன்னொரு 6. மனைவி, “அவங்க நமக்குத் தரவேண்டிய 90லயே கழிச்சுக்கச் சொல்லுங்களேன்” என்றாள். கேட்டேன். எஸ்க்ரோ விதிப்படி அந்தப் பணத்தை விற்பனை முடியும்வரை தொட முடியாது என்றார். சட்டம் தெரிந்த மனிதர் என்று எனக்கு மரியாதை கூடியது. 6ஐயும் அனுப்பினேன். மூன்றாவதாகக் காப்பீடு என்று ஆரம்பித்தபோது கையில் பணம் இல்லை. இல்லை என்று சொன்ன அன்றோடு எண் அணைந்துவிட்டது.

கதை அங்கே முடியவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு வழக்கறிஞர் அலுவலகம் என்று அழைப்பு. உங்களை ஏமாற்றிய கும்பல் பிடிபட்டுவிட்டது, உங்கள் பணம் நீதிமன்றத்தில் இருக்கிறது, மனுச் செலவு மட்டும் கட்டுங்கள் என்றார்கள். ஏமாந்தவர்கள் பட்டியலையே கைமாற்றி விற்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இந்த முறை பணம் போகவில்லை. அது என் புத்திசாலித்தனம் இல்லை. போனை எடுத்தது மனைவி.

வெளியே வந்த வழி சப்பென்று இருக்கும். 2012இல் ரிசார்ட்டுக்கே எழுதினேன், பாக்கி எதுவும் இல்லை, உரிமையைத் திரும்ப ஒப்படைக்கிறேன் என்று. முதலில் மறுத்தார்கள். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, இரண்டு வருடக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டினால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கட்டினேன். 100க்கு வாங்கியதை, மேலும் எட்டரை கொடுத்துக் கைகழுவினேன். திருடர்களுக்குப் போன 10 தனி.

நண்பரிடம் சொன்னவை சில. விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதே, விற்று முடிந்த விலையைத் தேடிப் பார். ஒப்படைப்புத் திட்டம் இருக்கிறதா என்று முதலில் ரிசார்ட்டையே கேள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு டைம்ஷேர் நெறிமுறைப்படி, விற்றுத் தருகிறேன் என்பவர் விற்பனை நடக்கும் முன் உன்னிடம் பணம் வாங்குவதே தடை. உன் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் நீயே அதை விதியாக வைத்துக்கொள். புதிதாக வாங்கியவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஐரோப்பாவில் 14 நாளுக்குள், ஃபுளோரிடாவில் 10 நாளுக்குள், காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். மற்ற இடங்களில் நாள் கணக்கு மாறும், ஒப்பந்தத்தில் தேட வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தை நான் முதல்முறை பிரித்துப் படித்தது மூன்று வருடம் கழித்து.

நீ தனி ஆள் இல்லை என்றும் சொன்னேன். மெக்சிகோவிலிருந்து இயங்கும் டைம்ஷேர் மோசடிகளில் மட்டும் 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் ஏறக்குறைய 30 கோடி டாலர் இழந்ததாக எஃப்.பி.ஐ. கணக்கு. புகார் கொடுத்தவர்கள் மட்டும்தான் அதில் இருக்கிறார்கள். என்னைப் போல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

நண்பர் அன்று மாலையே அந்த ஆளைக் கூப்பிட்டு, என் மனைவி 2009இல் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறார்: உங்கள் செலவை என் விற்பனைப் பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள். எஸ்க்ரோ விதி என்று ஆரம்பித்தாராம். அப்படியானால் வேண்டாம் என்றதும் தொடர்பைத் துண்டித்துவிட்டார். மறுநாள் வேறு எண்ணிலிருந்து வேறு ஒரு குரல். வாங்குபவர் விலையைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறாராம்.