மோதிரத்தை உள்பக்கம் திருப்பிப் பாருங்க: ஹாட்டன் கார்டன்ல ஒரு பழைய நகைக்கடை

லண்டன்ல ஹாட்டன் கார்டன்னு ஒரு தெரு, நம்ம என்.எஸ்.சி. போஸ் ரோடு மாதிரி வரிசையா நகைக்கடைதான். அதுலேர்ந்து பிரியுற ஒரு சந்துல ரெண்டு பேர் நின்னாலே நிறைஞ்சு போற ஒரு பழைய நகைக்கடை இருக்கு. கடை பேர் போட மாட்டேன், ஏன்னா கடைசில ஒரு குறையும் சொல்லப்போறேன்.

ரொம்ப நாளா எனக்கு ஒரு பழைய வைர மோதிரம் வாங்கணும், அதுவும் சைன்டு பீஸா இருக்கணும்னு ஆசை. சைன்டுன்னா செஞ்ச கம்பெனி பேரு உள்பக்கம் வெட்டியிருக்கும், கார்டியே, டிஃபனி, பூஷ்ரோன் இந்த மாதிரி. கல்லு அதேதான், காலமும் அதேதான், ஆனா அந்த நாலஞ்சு எழுத்து இருந்தா விலை எங்கியோ போயிடும். செய்கூலி சேதாரம் கேட்டே பழகின நமக்கு இது என்னடா எழுத்துக்கூலின்னுதான் தோணும்.

கடைக்காரர் பெரியவர், அவசரமே இல்ல. நான் கல்லைப் பாத்துட்டு இருந்தேன், அவர் என் கைல லென்ஸைக் கொடுத்து முதல்ல உள்பக்கம் பாருன்னுட்டார். ஒரு பிரபல பேரு வெட்டின மோதிரத்தை எடுத்துக் காட்டி, இதை நான் சைன்டுன்னு விக்க மாட்டேன்னார். ஏன்னு பாத்தா, வளையம் தேஞ்சு மெலிஞ்சு போயிருக்கு, எழுத்து மட்டும் நேத்து வெட்டின மாதிரி கூரா நிக்குது, அப்ப பேரைப் பின்னாடி யாரோ வெட்டியிருக்காங்க. இன்னொன்னுல எழுத்து நிஜம், ஆனா வளையத்தை வேற மோதிரத்துலேர்ந்து எடுத்து கல் பதிச்ச இந்தத் தலைப்பகுதியோட பத்த வெச்சிருக்காங்க, லென்ஸ்ல பொடி கோடு தெரியுது. இதெல்லாம் சொல்லாம வித்திருந்தா நான் வாங்கிட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பேன்.

அப்புறம் ஒரு பிரெஞ்சு மோதிரம். 18 கேரட்டுக்கு அங்க கழுகுத் தலை முத்திரை, 1838லேர்ந்து வர்றது. பக்கத்துல டைமண்ட் ஷேப் கட்டத்துக்குள்ள செஞ்ச பட்டறையோட இனிஷியல், நடுவுல ஒரு குட்டிச் சின்னம். பாரிஸ்ல பெரிய கடைங்க பல நகையை வெளிப் பட்டறைல செய்யச் சொல்லி வாங்குவாங்களாம், அதனால பளிச்சுனு இருக்கிற பேரு வித்தவன் பேரு, கட்டத்துக்குள்ள தூசி மாதிரி இருக்கறதுதான் செஞ்ச கை. இதைக் கேட்டதும் எனக்குப் பெரிய பேரு மேல இருந்த மோகம் பாதி போயிடுச்சு (மீதிப் பாதி விலைச் சீட்டைப் பாத்ததும் போச்சு).

கடைசில வாங்கினது அஞ்சு கல் மோதிரம், தங்க வளையம், மேல மட்டும் பிளாட்டினம். உள்ள கடலே இல்லாத பர்மிங்காம் ஊர் ஹால்மார்க் ஆபீஸோட நங்கூர முத்திரை, 18 கேரட்டுக்கு 18, வருஷத்துக்கு ஒரு எழுத்து, அதை சார்ட்ல பாத்தா 1911, அப்புறம் யாரோ ஒருத்தரோட ரெண்டு இனிஷியல். பக்கத்துல பிளாட்டினத்தைச் சுருக்கி PLATனு ஒரு குத்து இருக்கு, அது ஹால்மார்க் இல்ல, இங்கிலாந்துல பிளாட்டினத்துக்கு ஹால்மார்க் வந்ததே 1975லதான், அதுவரைக்கும் செஞ்சவர் வாக்குதான். அந்தக் காலத்துல கல் வெச்ச நகைக்கு ஹால்மார்க் கட்டாயமும் கிடையாதாம், அப்படியிருந்தும் இந்த ஆள் அனுப்பி முத்திரை வாங்கியிருக்காரே, அதுக்காகவே எனக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு.

கல் அஞ்சும் பழைய கட்டிங். அடி முனையைத் தட்டையா சீவியிருக்கறதால மேலேர்ந்து பாத்தா நடுவுல ஓட்டை மாதிரி தெரியும், நான் உடைசல்னே நெனச்சேன். டியூப்லைட்ல சுமார்தான், மஞ்ச விளக்குல பாருங்க, தணல் மாதிரி பெரிய பெரிய பொறியா வரும்.

வீடியோ கால்ல அம்மாகிட்ட காட்டினா, "யாரு போட்டதோ, தோஷம் கீஷம் பாத்தியா, மூணு நாள் வெச்சுப் பாக்காம காசு குடுத்துட்டியா"ன்னு ஒரே பாட்டு. அவங்களோடது ப்ளூ ஜாகர் வைரம் வெச்ச ஏழுகல் தோடு, அந்த ஜாகர்ங்கற பேரே தென்னாப்பிரிக்கா ஜாகர்ஸ்ஃபோன்டைன் வைரச் சுரங்கத்தோடதுதான், அதுக்கு மட்டும் தோஷம் இல்ல. தோட்டுல ஒரு எழுத்தும் கிடையாது, ஆனா செஞ்ச பத்தர் பேரு, அவர் வீடு எந்தத் தெருன்னு வரைக்கும் சொல்றாங்க. இப்ப நம்ம ஊர் ஹால்மார்க்ல பிஐஎஸ் சின்னம், 916, ஹெச்யூஐடின்னு ஒவ்வொரு நகைக்கும் தனியா எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க நம்பர், அவ்ளோதான். முன்னாடி கடையோட முத்திரையும் இருந்துச்சு, 2021ல எடுத்துட்டாங்க. நம்பரை ஆப்ல போட்டா கடை விவரம் வரும், நல்ல விஷயம்தான், ஆனா லென்ஸை வெச்சுப் பாக்க ஒன்னுமில்ல.

சரி, குறை. மோதிரம் கொஞ்சம் லூஸ், சின்னதாக்கக் கொடுத்தேன். வெளியாள்கிட்ட அனுப்பிச் செஞ்சு வாங்கினாங்க, வந்து பாத்தா அந்த 1911 எழுத்துல பாதி போச்சு! உள்பக்கம் பாருன்னு எனக்குப் பாடம் எடுத்த கடையே இப்படி. பெரியவர் முகம் தொங்கிப் போச்சு, ரீசைஸ் காசைத் திருப்பிக் கொடுத்தார், எழுத்து திரும்புமா. அஞ்சுக்கு நாலு ஸ்டார். இனிஷியல் தப்பிச்சுது, அதனாலதான் நாலு. நீங்க கொடுத்தா எங்க வெட்டணும்னு மார்க்கர்ல கோடு போட்டு, முத்திரையை போட்டோ எடுத்துட்டு கொடுங்க.